மூடிக்குள் ஒளிந்த இருபது டிகிரி

2012 ஏப்ரல் கடைசியில் இன்டெல் நிறுவனம் ஐவி பிரிட்ஜ் என்ற பிராசசர் வரிசையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய சாண்டி பிரிட்ஜ் 32 நானோமீட்டர் நுட்பத்தில் உருவானது. இது 22 நானோமீட்டர். டிரான்சிஸ்டர் சிறுத்தால் மின்சாரம் குறைவாகச் செலவாகும், மின்சாரம் குறைந்தால் சூடும் குறையும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். மின்சாரம் குறையத்தான் செய்தது. ஆனால் நிறுவனம் வகுத்த வேகத்துக்கு மேலே விரட்டிப் பார்த்தவர்கள், அதாவது ஓவர்கிளாக்கிங் செய்பவர்கள், பழைய சிப்பைவிடப் புதியது அதிகம் கொதிப்பதைக் கண்டார்கள். அடுத்த மாதமே ஜப்பானின் பிசி வாட்ச் இதழ், கோர் ஐ7-3770கே பிராசசரின் உலோக மூடியைப் பெயர்த்து உள்ளே பார்த்தது. சாண்டி பிரிட்ஜில் சிலிக்கனும் மூடியும் சால்டர் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருந்தன. இதில் அந்த இடத்தில் சாம்பல் நிறத் தெர்மல் பேஸ்ட் இருந்தது. அதை வழித்தெடுத்துவிட்டு நல்ல பூச்சு ஒன்றை வைத்து மூடியதும், விரட்டப்பட்ட நிலையில் வெப்பம் சுமார் 20 டிகிரி வரை இறங்கியது. பிராசசரின் மூடியைக் கழற்றும் டீலிட்டிங் என்ற வேலை ஒரு சிலரின் விபரீத விளையாட்டாக இருந்த நிலை மாறி, ஆயிரக்கணக்கானோரின் வழக்கமானது அதற்குப் பிறகுதான்.

அந்த 20 டிகிரி உண்மையானது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு இன்றுவரை எந்தப் பிராசசரின் மூடியையும் கழற்றலாம் என்று பேசுவது கணக்குத் தெரியாத பேச்சு. மூடியைக் கழற்றினால் கிடைப்பது குளிர்ச்சி. வாங்கியவர் தேடுவதோ வேகம். இரண்டுக்கும் இடையிலான மாற்று விகிதம் மிக மோசமானது என்பதும், மூடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து லாப நட்டக் கணக்கே தலைகீழாகிவிடும் என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் அந்த மூடி ஏன் வந்தது என்று பார்க்கலாம். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விற்ற ஏஎம்டி ஆத்லான், இன்டெல் பென்டியம் 3 சிப்புகள் பலவற்றில் மூடியே கிடையாது. பச்சை அடித்தகட்டின் நடுவில் சிலிக்கன் துண்டு வெறுமனே உட்கார்ந்திருக்கும். அதன்மேல் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கை வைத்துக் கிளிப்பை அழுத்தும்போது கொஞ்சம் சாய்ந்தாலும் சிலிக்கனின் மூலை உடைந்துவிடும். அதோடு சிப் செத்தது. பென்டியம் 4 மூடியோடுதான் வந்தது. 2003-இல் ஆத்லான் 64 வந்தபோது ஏஎம்டியும் அதே வழிக்கு மாறியது. நிக்கல் முலாம் பூசிய இந்தச் செம்பு மூடி சிலிக்கனை அடியிலிருந்தும் அழுத்தத்திலிருந்தும் காக்கிறது. ஹீட்சிங்கின் எடையையும் திருகுகளின் இறுக்கத்தையும் தானே தாங்குகிறது. சூட்டைப் பரப்பும் வேலையும் அதற்கு உண்டு. அடுப்பின் தீ நடுவில் மட்டும் எரிந்தாலும் கனமான தோசைக்கல் அதை ஓரம்வரை கொண்டுபோவது போல, நகத்தளவுச் சிலிக்கனில் பிறக்கும் வெப்பத்தை மூடி தன் பரப்பு முழுவதும் விரிக்கிறது. ஆகவே மூடி வெறும் அலங்காரமோ தடையோ அல்ல. அதைக் கழற்றுபவர் இந்த வேலைகளையெல்லாம் வேறு எதனிடமாவது ஒப்படைக்க வேண்டும்.

சூடு செல்லும் பாதையில் இரண்டு ஒட்டுப் பகுதிகள் உண்டு. சிலிக்கனுக்கும் மூடிக்கும் நடுவே ஒன்று. மூடிக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே இன்னொன்று. இரண்டாவதை யார் வேண்டுமானாலும் துடைத்துப் புதுப்பேஸ்ட் வைக்கலாம். அது கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். பிரச்சினை முதலாவதில். அங்கே வெப்பம் இன்னும் விரிவடையவில்லை, எல்லாம் ஒரு சிறிய பரப்பில் நெருக்கியடித்துக்கொண்டு வெளியேற வேண்டியிருக்கிறது. பள்ளி இயற்பியல் சூத்திரத்தை வைத்தே தோராயமாகக் கணக்கிடலாம். ஐவி பிரிட்ஜின் சிலிக்கன் பரப்பு சுமார் 160 சதுர மில்லிமீட்டர். விரட்டும்போது அதில் 120 வாட் சூடு பிறப்பதாகக் கொள்வோம். நடுவே பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் பேஸ்ட்; அதன் வெப்பக்கடத்துதிறன், மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 5 வாட். இந்த ஒரு படலத்தைத் தாண்டுவதற்கு மட்டும் 15 டிகிரி செலவாகிறது. அதே இடத்தில் மூன்று மடங்கு தடிமனில் இண்டியம் சால்டர் இருந்தால்கூட, அதன் கடத்துதிறன் 80 என்பதால் 3 டிகிரிக்குள் வேலை முடிந்துவிடும். காலியம் கலந்த திரவ உலோகத்தை மிக மெல்லிய படலமாகத் தடவி, அதன் கடத்துதிறனை 20 என்று குறைத்து மதிப்பிட்டாலும், செலவு ஒரு டிகிரியை ஒட்டித்தான் வரும். பேஸ்டிலிருந்து திரவ உலோகத்துக்குப் போனால் 14 டிகிரி மிச்சம்; சால்டரிலிருந்து போனால் இரண்டு டிகிரிகூட இல்லை. இந்தக் கட்டுரையில் இனி வருவதெல்லாம் இந்தக் கணக்கின் நிழல்தான்.

இங்கே பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. இன்டெல் வைத்த பேஸ்ட் மட்டரகம் என்று அப்போது எல்லோரும் திட்டினார்கள். ஆனால் மேலே சொன்ன சூத்திரத்தில் கடத்துதிறனுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு தடிமனுக்கும் உண்டு. மூடியின் விளிம்பை அடித்தகட்டோடு ஒட்டுகிற கறுப்பு சிலிக்கோன் பசை, மூடியைச் சற்றே தூக்கி நிறுத்திவிட்டது. அதனால் சிலிக்கனுக்கும் மூடிக்கும் நடுவே இருக்க வேண்டியதைவிட அதிக இடைவெளி விழுந்தது. அந்தப் பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சாதாரணத் தரமான பேஸ்டை வைத்தவர்களுக்கும் நல்ல பலன் கிடைத்ததற்குக் காரணம் இதுவே. அதாவது மூடி கழற்றுபவர் பெரும்பாலும் திருத்தியது ஒரு பொருளின் தரத்தைவிட, தொழிற்சாலையில் விழுந்த ஒரு இடைவெளியை.

பிறகு ஏன் சால்டரைக் கைவிட்டார்கள்? சிக்கனம் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. இண்டியம் விலை உயர்ந்த உலோகம். அது சிலிக்கனில் நேரடியாக ஒட்டாது, இடையில் தங்கம் உள்ளிட்ட மெல்லிய உலோகப் படலங்களைப் பூச வேண்டும். ஆனால் கஞ்சத்தனம் என்று மட்டும் சொல்லிவிடுவது நியாயமாகாது. சிலிக்கனும் செம்பும் சூட்டில் வெவ்வேறு அளவில் விரிகின்றன. தினமும் சூடாகி ஆறுகிற சிப்பில் அந்த இழுபறியை இடையில் உள்ள சால்டர்தான் தாங்க வேண்டும். சிறிய சிலிக்கன் துண்டுகளில் அதில் நுண்விரிசல்கள் விழலாம் என்ற பொறியியல் வாதத்துக்கும் அடிப்படை உண்டு. எனினும், 2018 அக்டோபரில் கோர் ஐ9-9900கே வந்தபோது அதே நிறுவனம் தன் வீட்டு உபயோகச் சிப்பில் மறுபடி சால்டருக்குத் திரும்பியது. போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரைசன் சிப்புகள் 2017 முதல் சால்டரோடு விற்றுக்கொண்டிருந்தன. விரிசல் வாதம் முழு உண்மையாக இருந்திருந்தால் இந்தத் திரும்பல் நடந்திருக்காது என்பது என் கணிப்பு.

2012-க்கும் 2018-க்கும் இடைப்பட்ட காலமே டீலிட்டிங்கின் பொற்காலம். 2013-இன் ஐ7-4770கே பேஸ்டோடு வந்தது. 2014-இல் ஐ7-4790கே மேம்பட்ட பேஸ்டோடு வந்தது, அதுவும் பேஸ்ட்தான். 2017 ஜனவரியில் வந்த ஐ7-7700கே, சின்ன வேலைக்கும் வெப்பமானி எகிறுகிறது என்ற புகார்களில் சிக்கியது. அப்போது இன்டெல் தந்த பதிலில், வரையறுத்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவதையும் மூடியைக் கழற்றுவதையும் தாங்கள் பரிந்துரைக்கவில்லை என்ற வாசகம் இருந்தது. தாண்டி ஓட்டுவதற்கென்றே பூட்டைத் திறந்து, அதற்கு அடையாளமாகப் பெயரின் கடைசியில் கே என்ற எழுத்தைச் சேர்த்து, கூடுதல் விலைக்கு விற்ற சிப்புக்கு அந்தப் பதில்! அதே ஆண்டின் ஐ7-8700கே ஆறு கோர்களோடு வந்தபோதும் பேஸ்ட் மாறவில்லை. இதற்குள் வெளியே ஒரு குட்டித் தொழிலே வளர்ந்திருந்தது. டெர்பவர் என்ற பெயரில் அறியப்படும் ஜெர்மானிய ஓவர்கிளாக்கர் ரோமன் ஹார்ட்டுங், மூடியைப் பக்கவாட்டில் தள்ளிப் பெயர்க்கும் கருவியை 2016-இல் கொண்டுவந்தார். மூடி கழற்றி, திரவ உலோகம் தடவி, மறுபடி ஒட்டிய பிராசசர்களை அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் கடைகள் தங்கள் சொந்த உத்தரவாதத்தோடு விற்றன. நிறுவனம் மிச்சம் பிடித்த வேலையைச் செய்து கொடுக்க வேறு ஒருவருக்குக் காசு கொடுக்கும் நிலை.

சரி, இறங்கிய அந்த 15, 20 டிகிரி எவ்வளவு வேகத்தை வாங்கித் தந்தது? இங்கேதான் கணக்கு கசக்கிறது. பிராசசர் தின்னும் மின்திறன், அதன் வேகத்துக்கு நேர் விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறுகிறது. ஓரளவுக்கு மேல் வேகத்தைக் கூட்ட வேண்டுமென்றால் வோல்டேஜைக் கூட்டாமல் முடியாது. 4.8 கிகாஹெர்ட்ஸில் 1.25 வோல்ட்டில் ஓடும் ஒரு சிப்பை 5.1-க்கு ஏற்ற 1.40 வோல்ட் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், வேகம் கூடியது 6 சதவீதம். மின்திறன் கூடியது 33 சதவீதம். டீலிட்டிங் சேமித்துத் தந்த டிகிரிகளில் பெரும்பகுதியை இந்த 6 சதவீதம் விழுங்கிவிடும். அதற்கு மேலே போக முயன்றால், சூடு குறைவாக இருந்தாலும் வோல்டேஜே எல்லையாக நிற்கும். குளிர்ச்சி அந்த எல்லையைச் சற்றே நகர்த்தலாம், ஒழிக்க முடியாது. ஆக, பேஸ்ட் காலத்தில்கூடக் கைக்கு வந்தது பெரும்பாலும் 100 முதல் 200 மெகாஹெர்ட்ஸ். விளையாட்டிலோ வீடியோ தொகுப்பிலோ உட்கார்ந்திருப்பவர், கடிகாரத்தை வைத்து அளந்தாலொழிய அதை உணர மாட்டார்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அது பழைய கதை, இன்றைய சிப்புகள் வெப்பத்தைப் பார்த்துத் தாமாகவே வேகத்தை ஏற்றி இறக்குகின்றன, எனவே குளிர்வித்தாலே வேகம் வந்துவிடும் என்பார்கள். இதற்கு அவர்கள் காட்டும் சாட்சி 2022 செப்டம்பரில் வந்த ரைசன் 7000 வரிசை. பழைய கூலர்கள் பொருந்த வேண்டும் என்பதற்காக அதன் மூடியை ஏஎம்டி தடிமனாகவே வைத்தது. கோர்கள் இருக்கும் சிலிக்கன் துண்டு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 70 சதுர மில்லிமீட்டர்தான். அவ்வளவு சிறிய இடத்தில் பெருஞ்சூடு. 95 டிகிரிவரை ஏறி அங்கேயே நிலைத்து ஓடுவது அந்தச் சிப்புகளின் இயல்பான வடிவமைப்பு என்று நிறுவனமே சொன்னது. ஹார்ட்டுங் ஒரு ரைசன் 9 7900எக்ஸ் சிப்பின் மூடியைக் கழற்றி, ஹீட்சிங்கைச் சிலிக்கன்மேல் நேரடியாக உட்கார வைத்துப் பார்த்தபோது 20 டிகிரி அளவுக்கு வெப்பம் குறைந்தது. சால்டர் வைத்த சிப்பிலும் இவ்வளவு லாபம் வருகிறதே என்றால், அது சால்டரை மாற்றியதால் வந்ததல்ல. மூடியின் தடிமனும் அதன் மேலிருந்த இரண்டாவது பேஸ்டும் சேர்ந்து பாதையிலிருந்து நீங்கியதால் வந்தது. மறுப்பில் இவ்வளவு உண்மை இருக்கிறது.

ஆனால் அந்தக் குளிர்ச்சி தானாகக் கூட்டித்தரும் வேகமும் சில சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. வோல்டேஜின் வர்க்கம் தானியங்கி ஏற்றத்தையும் விட்டுவைக்காது. அதே சூத்திரத்தை எதிர்ப்பக்கமாகத் திருப்பினால் கிடைப்பது இதைவிடச் சுவையானது. ரைசன் 7000 சிப்புகளில் ஈகோ மோட் என்று ஒரு அமைப்பு உண்டு. பயாஸில் ஒரு தேர்வை மாற்றினால் 170 வாட் வகைச் சிப்பு 105 அல்லது 65 வாட் வகைபோல அடங்கி ஓடும். மின்திறன் இவ்வளவு சரிந்தும் வேகத்தின் பெரும்பகுதி கையில் நிற்கிறது. ஏனென்றால் வெட்டப்படுவது மலையுச்சியின் கடைசிச் செங்குத்துப் பகுதி மட்டுமே. ஒவ்வொரு கோருக்கும் தேவையான வோல்டேஜைச் சற்றே குறைத்து வைக்கும் வசதியும் இருக்கிறது. இவற்றுக்குப் பிளேடு வேண்டாம், திரவ உலோகம் வேண்டாம்; பிடிக்கவில்லையென்றால் பழைய நிலைக்குத் திரும்பலாம். சூடுதான் கவலை என்பவர் முதலில் தொட வேண்டியது இதை. மூடியை அல்ல.

சால்டர் வைத்த சிப்பைத் திறப்பதும் பேஸ்ட் வைத்ததைத் திறப்பதும் வேறு வேறு வேலைகள். இண்டியம் உருகுவது 156.6 டிகிரியில். சிப்பைச் சூடாக்கி, சால்டர் இளகும் தறுவாயில் மூடியை நகர்த்த வேண்டும். அவசரப்பட்டால் சால்டரோடு சிலிக்கனும் சேர்ந்து பெயர்ந்து வரும். ஐ9-9900கே வந்த புதிதில் இதையும் செய்து பார்த்தவர்கள் உண்டு. சால்டரைச் சுரண்டித் திரவ உலோகம் வைத்ததில் பத்து டிகிரிக்குள் ஒரு லாபம் கிடைத்தது. அந்தச் சிப்பின் சிலிக்கன் முந்தைய தலைமுறையைவிடத் தடித்திருந்தது. அதனால் சிலர் மூடி கழற்றியதோடு நிற்காமல் சிலிக்கனின் முதுகையே உப்புத்தாளில் தேய்த்து மெலிய வைத்தார்கள்! பைத்தியக்காரத்தனம் என்று தோன்றலாம். 2020-இல் ஐ9-10900கே வந்தபோது, சிலிக்கனின் தடிமனை 800 மைக்ரானிலிருந்து 500 மைக்ரானாகக் குறைத்து மூடியின் செம்பைத் தடிமனாக்கியிருக்கிறோம் என்று இன்டெலே அறிவித்தது. தேய்த்தவர்களின் இயற்பியல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதை நிறுவனமே செய்து தரத் தொடங்கிய பிறகு, வீட்டு மேசையில் செய்வதற்கான காரணம் அந்த அளவுக்குத் தேய்ந்துபோனது.

இனி அபாயங்கள். ஆரம்பக் காலத்தில் சவரப் பிளேடை மூடியின் ஓரத்தில் செருகிப் பசையை அறுப்பார்கள். பிளேடு ஒரு மில்லிமீட்டர் அதிகம் உள்ளே போனால் அடித்தகட்டில் ஓடும் செம்புத் தடங்கள் வெட்டுப்படும், அல்லது சிலிக்கனின் ஓரம் சிதறும். பட்டறை வைஸில் சிப்பை இறுக்கிக் கட்டையும் சுத்தியலும் கொண்டு மூடியைத் தட்டிப் பெயர்க்கும் முறையும் இருந்தது; அதில் சிப்பு அறையின் மறுமூலைக்குப் பறக்கவும் வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கென்று ஒரு கண்ணியை வைத்திருந்தது. 4770கே-யில் சிலிக்கனுக்குப் பக்கத்திலேயே பொடிப்பொடியான மின்னணு உறுப்புகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்; பிளேடு அவற்றைச் சீவிவிடும். பிறகு வந்த ஸ்கைலேக் என்ற இன்டெல் வரிசையில் அடித்தகடே மெலிந்துவிட்டது. வைஸின் அழுத்தத்தில் வளைந்தால் உள்ளே இணைப்புகள் அறும். ரைசன் 7000-இல் மூடி எட்டுக் கால்களோடு நிற்கிறது. அந்தக் கால்களின் இடுக்குகளில் கெப்பாசிட்டர்கள். ஒன்றைத் தட்டிவிட்டால் விலை உயர்ந்த சிப்பு சாவிக்கொத்தில் தொங்கவிடத்தான் உதவும்.

இப்போதுதான் கருவிகள் வந்துவிட்டனவே, பிளேடு காலத்துப் பயத்தை ஏன் இன்னும் பேச வேண்டும் என்று கேட்கலாம். மூடியைப் பெயர்க்கும் அந்த ஒரு நிமிடத்தைக் கருவிகள் பெரிதும் பாதுகாப்பாக்கியது உண்மை. ஆனால் சேதத்தின் பெரும்பகுதி அதற்குப் பிறகு காத்திருக்கிறது. திரவ உலோகம் மின்சாரத்தைக் கடத்தும். ஒரு துளி வழிந்து பக்கத்து உறுப்புகளைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட். அதனால்தான் அவற்றின்மேல் நகப்பாலிஷ் பூசி மறைப்பது இந்த வட்டாரத்தில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. காலியம் அலுமினியத்தின் உள்ளமைப்பில் ஊடுருவி அதை நொறுங்க வைக்கும். அலுமினிய அடிப்பகுதி கொண்ட ஹீட்சிங்கோடு அது சேரவே கூடாது. செம்பு நொறுங்காது, ஆனால் காலியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். சில காலம் கழித்துப் படலம் வறண்டு, ஆரம்பத்தில் கிடைத்த குளிர்ச்சி மெல்லக் கழன்றுவிடலாம். அப்போது மறுபடி திறந்து மறுபடி தடவ வேண்டும். மூடியே இல்லாமல் நேரடியாக ஹீட்சிங்கை வைப்பவருக்கு இன்னொரு தொல்லை. கூலரின் உயரக் கணக்கு மூடியின் தடிமனைச் சேர்த்து வகுக்கப்பட்டது; மூடி போனதும் சிப்பைச் சாக்கெட்டில் அழுத்திப் பிடிக்கும் சட்டமும் மாற வேண்டியிருக்கிறது. திருகு ஒரு பக்கம் அதிகம் இறுகினால், 2000-ஆம் ஆண்டு ஆத்லான் சந்தித்த அதே மூலையுடைவுதான். மூடி எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டதோ அந்தப் பிரச்சினைக்கே திரும்பிப் போகிறோம்.

லேப்டாப் பிராசசர்களுக்கு மூடி கிடையாதே, கிராபிக்ஸ் கார்டுகளில் சிலிக்கன் வெறுமனேதானே இருக்கிறது, 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் சோனி நிறுவனமே திரவ உலோகம் வைத்ததே என்பது அடுத்த கேள்வி. நல்ல கேள்விதான்; நேரடித் தொடர்பும் திரவ உலோகமும் இயல்பிலேயே ஆபத்தானவை அல்ல என்பதை இது நிரூபிக்கிறது. ஆனால் அங்கெல்லாம் சிப்பு, ஹீட்சிங்க், திருகு, அழுத்தம் எல்லாவற்றையும் ஒரே கை வடிவமைக்கிறது. திரவ உலோகத்தைப் பயன்படுத்துவதற்கான ஏற்பாடுகளுக்கே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்ததாக சோனியின் பொறியாளர் அந்தக் கருவியைப் பிரித்துக் காட்டிய காணொளியில் சொன்னார். மேசைக் கம்ப்யூட்டர் சிப்பை யார் எந்தக் கூலரோடு மாட்டுவார் என்று அதைச் செய்தவருக்குத் தெரியாது. மூடி அந்தத் தெரியாமைக்குக் கட்டப்பட்ட காப்பு.

உத்தரவாதத்தைப் பற்றி ஆர்வலர்கள் அலட்சியமாகப் பேசுவது வழக்கம். பிராசசர் என்றைக்குக் கெட்டுப்போயிருக்கிறது என்பார்கள். பல ஆண்டுகள் அது சரியாகவே இருந்தது. 2024 அந்த அலட்சியத்துக்கு விலை வைத்தது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கம்ப்யூட்டர் சிப்புகள் பல வெளிப்படையான காரணமில்லாமல் தடுமாறத் தொடங்கின. தேவைக்கு மீறிய வோல்டேஜ் கோரப்பட்டதும், அதிக வோல்டேஜிலும் வெப்பத்திலும் கோருக்குள் இருந்த ஒரு கடிகாரச் சுற்று முன்கூட்டியே மூப்படைந்ததும் காரணம் என்று நிறுவனம் பின்னர் விளக்கியது. திருத்த மென்பொருள் வந்தது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்த சிப்பை அது மீட்காது. மூன்று ஆண்டு உத்தரவாதம் ஐந்தாக நீட்டிக்கப்பட்டது. மூடியைக் கழற்றி வைத்திருந்தவர்கள் இந்த நீட்டிப்பைக் கேட்கும் நிலையை ஏற்கெனவே இழந்திருந்தார்கள். குளிர்ச்சியாக ஓட்டியது அவர்கள் சிப்பின் மூப்பைச் சற்றுத் தள்ளிப்போட்டிருக்கலாம். அதிக வோல்டேஜ் என்ற மூல நோயை மூடி கழற்றி யாரும் குணப்படுத்தியிருக்க முடியாது. ஓவர்கிளாக்கிங்கில் கருகினாலும் ஒருமுறை மாற்றித் தரும் கட்டணக் காப்புத் திட்டம் ஒன்றை இன்டெல் 2012 முதல் நடத்தியது. 2021-இல் அதையும் நிறுத்திவிட்டது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சூடு குறைந்தால் ஆயுள் கூடும் என்ற வாதமும் இதை ஒட்டி வருவதுதான். கோட்பாட்டில் பழுதில்லை. சிப்பின் நுண்கம்பிகளில் ஓடும் எலக்ட்ரான்கள் உலோக அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போகின்றன. சூடு ஏற ஏற அந்த அரிப்பு படுவேகமாகும் என்று ஜேம்ஸ் பிளாக் 1960-களின் இறுதியிலேயே சமன்பாடு எழுதிவிட்டார். ஆனால் அந்தக் குளிர்ச்சியை ஆயுளுக்காகச் சேமிப்பதற்கு யாரும் மூடியைக் கழற்றுவதில்லை. சேமித்ததை உடனே வோல்டேஜாகச் செலவழிப்பதற்குத்தான் கழற்றுகிறார்கள். வோல்டேஜும் ஆயுளைத் தின்னும்.

உண்மையான லாபம் என்று நான் ஒப்புக்கொள்வது சத்தத்தை. 15 டிகிரி மிச்சமானால் அதை வேகமாக மாற்றாமல் விசிறியின் சுழற்சியைக் குறைப்பதாக மாற்றிக்கொள்ளலாம், அறை அமைதியாகும். நம் ஊருக்கு இதில் கூடுதல் பொருள் உண்டு. வெளிநாட்டுச் சோதனைகள் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டிய அறையில் நடப்பவை. சிப்பின் வெப்பம் என்பது அறையின் வெப்பமும் அதன்மேல் சிப்பு ஏற்றும் சூடும் சேர்ந்தது. சென்னையிலோ மதுரையிலோ மே மாதத்தில் குளிர்சாதனம் இல்லாத அறை 35 டிகிரியில் இருந்தால், பேஸ்ட் மாற்றிக் கிடைத்ததில் பெரும்பகுதி தட்பவெப்பத்துக்கே காணிக்கை. அதே காரணத்தால் இங்கே ஒவ்வொரு டிகிரிக்கும் மதிப்பு அதிகம் என்றும் வாதிடலாம். வாதிடட்டும், அதற்கும் வோல்டேஜைக் குறைப்பதே மலிவான பதில். உச்ச வேக சாதனைகளைக் காட்டி மயங்குவோருக்கு ஒரு வரி: 2024-இல் 9.1 கிகாஹெர்ட்ஸ் தொட்ட ஐ9-14900கேஎஸ் திரவ ஹீலியத்தில் குளிர்விக்கப்பட்டது. அந்தக் குளிர் வருவதற்கு வெகு முன்பே உறைந்துவிடும் காலியக் கலவைக்கு அந்த உலகில் வேலையில்லை.

காசு கொடுத்து வாங்கிய பொருள் என்னுடையது, திறந்து பார்ப்பதே எனக்கு இன்பம் என்பவரோடு எனக்கு வழக்கில்லை. மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுபவரிடம் எத்தனை கிலோமீட்டர் மைலேஜ் கூடியது என்று கேட்பது அபத்தம். ஐவி பிரிட்ஜின் மூடிக்குள் என்ன இருந்தது என்பது உலகுக்குத் தெரிந்ததே இப்படிப்பட்டவர்களால்தான். என் வழக்கு, அந்த இன்பத்தை முதலீடு என்று சொல்லி மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பவர்களோடு. புதிதாக வாங்கிய, சால்டர் வைத்த, உத்தரவாதம் உயிரோடு இருக்கும் சிப்பின் மூடியைச் சில சதவீத வேகத்துக்காகக் கழற்றுவது எந்தக் கணக்கிலும் தேறாது. மூடி கழற்றும் கருவி, நேரடிச் சட்டம், திரவ உலோகம் ஆகியவற்றுக்குச் செலவிடும் தொகையை ஒரு படி மேலான சிப்புக்கோ நல்ல கூலருக்கோ கொடுத்தால் அதைவிட அதிகம் கிடைக்கும்.

கணக்கு தேறுகிற இடம் வேறு. இரண்டாங்கைச் சந்தையில் 4790கே, 7700கே, 8700கே இன்னும் புழங்குகின்றன. அவற்றின் மூடிக்குக் கீழே இருப்பது பேஸ்ட். ஆண்டுக்கணக்கில் சூடாகி ஆறியதில் அது வறண்டும் இருக்கலாம். உத்தரவாதம் காலாவதியாகி வெகுகாலம் ஆகிறது, உடைந்தாலும் நட்டம் சிறிது. சால்டர் இல்லாததால் சூடாக்க வேண்டிய வேலையும் இல்லை. பக்கவாட்டில் தள்ளும் கருவியில் வைத்து, மூடியைப் பெயர்த்து, பழைய கறுப்புப் பசையைச் சுத்தமாகச் சுரண்டி, மறுபடி ஒட்டும்போது நான்கு மூலையிலும் பொட்டளவு பசை மட்டும் வைத்தால் போதும், இடைவெளி குறையும். திரவ உலோகம் பயமாக இருந்தால் நல்ல பேஸ்டே பலனின் கணிசமான பகுதியைத் தந்துவிடும்.